முதலில் சட்டமா, முதலில் கணினியா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு இரண்டு வழிகள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமான கோணேசபுரியில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது, சட்டம் இல்லை. சட்டமாணிக்கு (LLB பட்டத்துக்கு) யாழ்ப்பாணம், கொழும்பு அல்லது பேராதனை போக வேண்டும். அங்கேயும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பல பாடங்களில் ஒன்றுதான். ஆகவே திருகோணமலையில் உயர்தரம் முடித்த பிள்ளை முதலில் சட்டம் படிப்பதா, முதலில் கணினி படிப்பதா என்பதே கேள்வி.

சட்டமாணிக்கு நான்கு வருடம். சட்டத்தரணியாக வேண்டுமானால் அதன்பின் சட்டக் கல்லூரிப் பரீட்சையும் ஆறு மாதப் பயிலுநர் காலமும் உண்டு. நீண்ட வழிதான். ஆனால் இத்துறையின் சிக்கல்கள் பெரும்பாலும் பழைய பாடங்களில்தான் வந்து முட்டும். கடனை ஒப்புக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை வழக்கில் காட்ட வேண்டும் என்று வையுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, வழக்கு விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமோ, தனக்குள் வரும் பதிவுகளுக்கு அந்த 1995 சட்டம் பொருந்தாது என்கிறது. அறிவித்தலைத் தவறவிட்டவர் 2006ஐப் பிடித்துக்கொள்வார், எதிராளி 1995ஐ நீட்டுவார். சான்றுச் சட்டம் படிக்காதவருக்கு இந்த இழுபறி தலையும் புரியாது, வாலும் புரியாது. அதே 2006 சட்டம் காணி விற்பனையையும் மரண சாசனத்தையும் வெளியே வைத்திருக்கிறது. காணி உறுதி மின்னஞ்சலில் முடியாது.

கணினி முதலில் படித்தவரின் பலம் வேறு. ஸ்கிரீன்ஷாட்டை எளிதில் மாற்றலாம் என்பது அவருக்குத் தெரியும். கைப்பற்றிய தொலைபேசியைப் பிரதி எடுக்காமல் திறந்து பார்த்தால் உள்ளிருக்கும் நேரப் பதிவுகள் மாறக்கூடும், ஹாஷ் பெறுமானம் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்க அதிலிருந்து கணிக்கும் குறியீடு) ஒத்துப்போகாது, எதிர்த்தரப்பு அதையே கேள்வியாக்கும் என்பதும் தெரியும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டமும் விசாரணைக்கு உதவ நிபுணர் குழு என்று இவர்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது.

இவர்கள் சறுக்குவது சட்டத்தை மென்பொருள் கையேடு போல வாசிக்கும்போது. கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ் ஒருவர் கணினிக்குள் நுழைந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. வேண்டுமென்றே செய்தார், தனக்கு அதிகாரமில்லை என்று அறிந்திருந்தார் அல்லது நம்பக் காரணம் இருந்தது என்பதும் வேண்டும். கணினி தானாகப் பதிந்து வைக்கும் லொக் கோப்பு நுழைந்த நேரத்தைச் சொல்லும், மனதைச் சொல்லாது.

நீதிமன்றத்தில் பேச ஆசையென்றால் தயங்காமல் சட்டத்தை முதலில் எடுங்கள். வங்கியிலோ தொலைத்தொடர்பு நிறுவனத்திலோ 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேலை செய்யப் போகிறவருக்குக் கோணேசபுரியில் கணினி முடித்து, வேலை பார்த்தபடி திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி செய்வது லாபம். அதற்குத் தெரிவுப் பரீட்சை உண்டு. வேலையோடு நான்கு வருடத்தில் முடிப்பது கடினம், கூடுதல் காலம் போட்டுக்கொள்ளுங்கள்.

மொழி இரண்டு வழியிலும் இடிக்கும். மேன்முறையீட்டு நீதிமன்ற, உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதல் வருடமே வாசிக்கத் தொடங்காதவர் கடைசி வருடத்தில் திணறுவார்.

விண்ணப்பிக்குமுன் பீடத்தில் ஒன்று கேளுங்கள்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? விருப்பப் பாடமென்றால், எடுப்பவர் குறைந்த வருடத்தில் அது நடக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.