ஆடி மாதத்துப் பச்சைக் கடலும் அதை மறைக்கும் மேகமும்

கடல்நீரில் நுண்பாசிகளின் பச்சையம் (குளோரோஃபில்) எங்கே எவ்வளவு என்று காட்டும் செயற்கைக்கோள் வரைபடங்களைச் சில வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நம் பக்கத்துக் கடலைப் பொறுத்தவரை அதில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் மிகவும் பச்சையாக இருக்கும் மாதங்களில்தான் மேகம் வந்து மறைத்துக்கொள்ளும்.

அதிகம் பயன்படுத்தியது நாசாவின் அக்குவா செயற்கைக்கோளில் இருக்கும் மோடிஸ் கருவியின் தரவு. 2002 ஜூலையிலிருந்து கிடைக்கிறது. நாசாவின் கியோவானி இணையதளத்தில் வேண்டிய பகுதியைக் கட்டம் போட்டுக் கொடுத்தால் மாதவாரி வரைபடம் வந்துவிடும். கோடிங் எதுவும் தெரிய வேண்டாம்.

ஏப்ரலில் குமரிக்குத் தெற்கே கடல் வெறும் நீலம். காற்று இல்லை, மேல்நீர் சூடாகிக் கிடக்கும், அடியிலுள்ள சத்து மேலே வராது. ஜூனில் தென்மேற்குக் காற்று பிடித்ததும் குமரி முனையை ஒட்டியும் இலங்கையின் தென்கரையிலும் குளிர்ந்த அடிநீர் மேலேறுகிறது. நுண்பாசிகள் பெருகி, கன மீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மேல் பச்சையம் தெரியும். எனக்குப் பிடித்த காட்சி அதற்கப்புறம்தான்: பருவக்காற்று நீரோட்டம் அந்தப் பச்சை நீரை இழுத்துக்கொண்டு இலங்கையைச் சுற்றி வளைந்து, வங்கக்கடலுக்குள் ஒரு நாக்குபோல நீட்டும். அங்கே நடுக்கடல் பெரும்பாலும் வறண்ட நீலம்தான். ஆறுகளும் மழையும் கொட்டிய நன்னீர் மேலே மூடிபோலக் கிடப்பதால் சத்து அடியிலேயே தங்கிவிடுகிறது. புயல் கடந்து போனால் மட்டும் அதன் பாதையில் சில நாள் பச்சைத் திட்டு தெரியும். வட அரபிக்கடலில் ஜனவரி, பிப்ரவரியிலும் ஒரு பச்சைப் பருவம் உண்டு. வறண்ட குளிர்காற்றில் மேல்நீர் குளிர்ந்து கனத்து அடிநீரோடு கலப்பதுதான் காரணம்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஜூலை மாதச் சராசரி என்று வருவது, சில இடங்களில் மேகம் விலகிய ஓரிரு நாட்களின் கணக்காகவே இருக்கலாம். தினசரிப் படங்களை ஒரு தடவை புரட்டாமல் அந்த எண்ணை நம்ப மாட்டேன். பல செயற்கைக்கோள்களின் தரவை இணைத்து ஐரோப்பிய விண்வெளி முகமை தரும் தொகுப்பில் ஓட்டைகள் குறைவு. 1997 வரை பின்னோக்கியும் போகலாம்.

பாக் நீரிணை வருடம் முழுக்கச் சிவப்பாக, அதாவது பச்சையம் மிக அதிகம் என்பதுபோலத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம். கருவி அளப்பது நீல, பச்சை ஒளியின் விகிதத்தை. ஆழமில்லாத கடலில் கலங்கிய சேறும் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் அந்த விகிதத்தைக் கெடுத்துவிடும். அந்தப் பகுதியின் எண்களை நான் தொடுவதே இல்லை.

பச்சை தெரிந்த இடத்தில் அன்றைக்கே மீன் இருக்கும் என்பதும் இல்லை. தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வரைபடத்தைவிட, பச்சையத்தையும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் மீன்வள மண்டல அறிவிப்புதான் உதவும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அக்குவாவை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். எரிபொருள் குறைந்ததால் அதன் பாதையைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டார்கள். நம் தலைக்கு மேல் கடக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது. பருவ மாற்றத்துக்கு ஐரோப்பியத் தொகுப்பு போதும். இந்த வாரத்துக் கடலைப் பார்க்க 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோள். கரையோரத்தை நெருங்கிப் பார்க்க, 300 மீட்டர் துல்லியத்தில் ஐரோப்பாவின் சென்டினல்-3 செயற்கைக்கோள்.