எழுதி வைப்பதா, ஆளை அனுப்புவதா?

கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில், அதாவது உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி வார்க்கும் ஆலையில், ஆறேழு வருடம் வேலை பார்த்தேன். அங்கே மணல் பக்குவம் பார்ப்பதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். கலவை மிஷினிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி, இறுக்கி அழுத்தி, கையை விரிப்பார். விரல் தடம் கூர்மையாகப் பதிந்திருக்கிறதா, உள்ளங்கையில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார். அப்புறம் அந்தக் கட்டியை இரண்டாக ஒடிப்பார். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் பற்றவில்லை. ஈரம் கூடிவிட்டால் இன்னும் மோசம். உருகிய இரும்பை ஊற்றும்போது ஆவி கிளம்பி, வார்ப்புக்குள் காற்றுப் பொத்தல் விழுந்துவிடும்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முன் நிர்வாகம் அவரை உட்கார வைத்து நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு தயாரித்தது. அவர் போன பிறகு வந்த முதல் மழைக்காலத்திலேயே தேறாத வார்ப்புகளின் எண்ணிக்கை, அதாவது ரிஜெக்‌ஷன் ஏறியது. கையேட்டில் தப்பு ஒன்றும் இல்லை. ஈரப்பதம் இத்தனை சதவீதம், களிமண் இவ்வளவு என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ராத்திரி மழையில் நனைந்த மணல் குவியலில் எந்தப் பக்கம் அள்ள வேண்டும் என்பது மட்டும் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை. அவருக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்கு ஒரு விஷயத்தைக் கொண்டுபோக நிறுவனங்களுக்கு இரண்டே வழிதான். எழுதி அனுப்பலாம், இல்லையென்றால் ஆளை அனுப்பலாம். எழுத்துக்குச் செலவு குறைவு, ஆயிரம் பேருக்குப் போகும், ஆள் போனாலும் தங்கும். ஆளை அனுப்பினால் சம்பளம், பயணம், நாள் கணக்கு எல்லாம் உண்டு. ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் சொல்லித்தர முடியாது. மீட்டிங்கில் எழுத்துதான் எப்போதும் ஜெயிக்கும். நான் ஆள் கட்சி. ஆனால் எழுத்து உண்மையிலேயே ஜெயித்த இரண்டு இடங்கள் எனக்குத் தெரியும், அவற்றை மறைக்க முடியாது.

முதலாவது ஜெராக்ஸ். நம் ஊரில் கம்பெனிப் பெயர் என்பதே மறந்துபோய், நகல் எடுப்பதற்கே பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ்தான். பழுது பார்க்கும் டெக்னீஷியன்களுக்கு அவர்கள் தடித்தடியாகக் கையேடு கொடுத்திருந்தார்கள். இந்தப் பிழை எண் வந்தால் இதைச் சோதி, அது சரியென்றால் அடுத்ததற்குப் போ என்று கிளை கிளையாகப் பிரியும் வழிகாட்டி அது. 1980-களில் அந்தக் கம்பெனியின் பார்க் (PARC) என்ற ஆய்வகத்திலிருந்து ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் இந்த டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றினார். கையேட்டில் இல்லாத பாதி வேலை சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது. "அந்த ஆபீஸ் மிஷின் என்ன செய்தது தெரியுமா" என்று ஆரம்பிக்கும் கதைகளில்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை மிஷின் காட்டிய பிழை எண்ணே தவறானது. வழிகாட்டியை நம்பிப் போனால் முட்டுச்சந்து. ஒரு டெக்னீஷியனும் ஒரு நிபுணரும் மிஷின் முன்னால் நின்று, முன்பு பார்த்த பழுதுகளை மாறி மாறிச் சொல்லிச் சொல்லியே கடைசியில் காரணத்தைப் பிடித்தார்கள். மிஷினையே மாற்றிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் முன்னால் மானம் போய்விடும்.

1990-களில் அதே ஆய்வகத்தினர் இந்தக் கதைகளை எழுத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு யுரேக்கா என்று பெயர். முதல் பெரிய வெள்ளோட்டம் பிரான்சில். டெக்னீஷியனே ஒரு குறிப்பு எழுதுவார்: அறிகுறி என்ன, காரணம் என்ன, எப்படிச் சரிசெய்தேன். மேலாளர் அதைப் பார்க்கமாட்டார். அதே மிஷினில் பழுத்த சக டெக்னீஷியன்கள் சோதித்துப் பார்த்து, சரியென்றால் மட்டும் எல்லோருக்கும் விடுவார்கள். குறிப்போடு எழுதியவர் பெயரும் போகும். காசு வெகுமதியைவிட அந்தப் பெயருக்குத்தான் அவர்களிடம் மதிப்பு இருந்தது. இதைப் படித்தபோது எங்கள் ஃபவுண்டரிக் கையேடுதான் நினைவுக்கு வந்தது. அதன் அட்டையில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் பெயர் இருந்தது. பெரியவர் பெயர் எங்கேயும் இல்லை.

இரண்டாவது இடம் இன்னும் பழையது, எனக்குப் பிடித்ததும்கூட. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் செம்பு, தகரச் சுரங்கங்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறும், நீராவி எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். நிலக்கரியோ அந்த ஊரில் கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின் கரியை மிச்சப்படுத்தியது உண்மை. ஆனால் மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டின் கம்பெனி வசூலித்தது. காப்புரிமை 1800 வரை இருந்தது. அதை மீறியவர்கள் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். காப்புரிமை முடிந்ததும் கம்பெனி ஆட்கள் கிளம்பிப் போனார்கள், எஞ்சின்களின் வேலைத்திறன் கொஞ்ச காலம் சரியவும் செய்தது.

1811-இல் சுரங்கக்காரர்கள் சிலர் சேர்ந்து ஜோயல் லீன் என்பவரை அமர்த்தினார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் போய், எஞ்சின் எவ்வளவு தண்ணீர் ஏற்றியது, எவ்வளவு கரி தின்றது என்று அளந்து மாதாமாதம் அச்சிடுவது அவர் வேலை. எந்தச் சுரங்கம், எந்த எஞ்சின், பொறியாளர் யார் என்பதெல்லாம் அதில் வெளிப்படையாக வரும். ஒரு புஷல் (அந்தக் காலத்து முகத்தல் அளவு) கரிக்கு எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்தியது என்பதுதான் கணக்கு. வாட் காலத்து நல்ல எஞ்சினுக்கு அது 2 கோடி சுமார். 1835-இல் ஒரு சுரங்கத்து எஞ்சின் சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. இத்தனைக்கும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்கள், போட்டியாளர்கள். நல்ல எஞ்சினைப் போட்ட பொறியாளரை அடுத்த சுரங்கம் கூப்பிடும். அதனால் அவரும் தன் எண்ணை மறைக்கப் பார்க்கவில்லை.

இரண்டிலும் பொதுவானதைக் கவனியுங்கள். எழுதியது யார் என்று தெரியும். விஷயம் தெரிந்த ஒருவர் சரிபார்த்திருப்பார். சொல்லும் சேதியும் சின்னது: ஒரு பழுது, ஒரு எண். இந்த மூன்றும் இருந்தால் காகிதம் கடல் தாண்டும்.

வேலை செய்யும் விதம் என்று வந்தால் கதை வேறு. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982-இல் மூடப்பட்டது. தரம் மோசம், வேலைக்கு வராதவர்கள் ஏராளம், சங்கத்தோடு ஓயாத சண்டை. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையை நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், சங்கமும் அதேதான். டொயோட்டா அவர்களில் குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, சில வாரம் அங்குள்ளவர்களோடு கார் பூட்டும் லைனில் நிற்க வைத்தது. கோளாறு கண்டால் யாரும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்பதை அங்கே கண்ணால் பார்த்தார்கள். இழுத்தவனைத் திட்ட யாரும் வரவில்லை, உதவிக்கு ஆள் ஓடி வந்தார்கள். எந்தக் கையேட்டாலும் அதை நம்ப வைத்திருக்க முடியாது. கொஞ்ச காலத்திலேயே ஃப்ரீமாண்டிலிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பான் கார்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. ஒரு மேலதிகாரி, ஆலையை அங்குலம் விடாமல் போட்டோ எடுத்து அதே மாதிரி கட்டுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கயிற்றைப் போட்டோ எடுக்கலாம், இழுத்தவனைத் திட்டாத சூப்பர்வைசரை எப்படி எடுப்பது? லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் ஆலையிலும் முயன்றார்கள், ஒட்டவில்லை. 1992-இல் அது மூடப்பட்டது. நம்மியில் பயின்று வந்த சில மேலாளர்கள் இருந்தும், ஆளுக்கு ஒரு மூலையில் சிதறிக் கிடந்தார்கள். ஆளை அனுப்பும் கட்சிக்காரனான நானே இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒற்றை ஆளை அனுப்பினால் அவன்தான் மாறுவான், ஊர் மாறாது.

சரி, எழுத்தும் ஆளும் சேர்ந்தால்? 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலை, ஜப்பானில் கரியா நகரில் ஐசின் ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருந்தும் சிகரெட் பெட்டி அளவு வால்வு ஒன்று கிட்டத்தட்ட முழுக்க அங்கேதான் செய்யப்பட்டது. கையிருப்பு மிகக் குறைவு, டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. ஐசின் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், தையல் மிஷின் செய்யும் பிரதர் உட்பட, வால்வு செய்ய இறங்கின. விலை பேசவில்லை, ஒப்பந்தம் போடவில்லை. ஐசினின் தனி மிஷின்கள் இவர்களிடம் இல்லை, அதனால் வரைபடம் பாதிதான் உதவியது. எப்படிக் கடைவது என்பதை ஒவ்வொருவரும் கண்டுபிடித்து, பக்கத்தவருக்கும் சொன்னார்கள். சுமார் ஒரு வாரத்தில் உற்பத்தி கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்தது. இதற்குப் பின்னால் வருடக்கணக்கான பழக்கம் இருந்தது. டொயோட்டா தன் சப்ளையர்களுக்குக் கட்டணம் வாங்காமல் நிபுணர்களை அனுப்பும், அவர்களை ஒருவர் ஆலைக்கு ஒருவர் போய்ப் பார்க்கவும் வைக்கும்.

எங்கள் ஃபவுண்டரியில் அடுத்த மழைக்காலத்துக்குப் பெரியவரை இரண்டு மாதம் தினக்கூலிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். கலவை மிஷின் ஓட்டும் பையன் ஒருவனை அவர் கூடவே நிறுத்தினார்கள். காலையில் வந்ததும் முதலில் யார்டுக்குத்தான் போவார் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்ப்பார். அவர் கிளம்பிய பிறகு பையன் கலவை மிஷின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதி வைத்தான்: "ராத்திரி மழைன்னா ஓரத்து மணல் எடுக்காதே. நடுவுல அள்ளு. தண்ணி வால்வு பாதி." கீழே தன் பெயர். துடைக்கத் துடைக்கத் திரும்ப எழுதினான். இப்போது அதைப் பெயிண்டில் எழுதிவிட்டார்களாம், அவன் பெயருக்கு மேலே பெரியவர் பெயரையும் சேர்த்து.