தீர்ந்து போகிற கடையும் தீராத கடையும்

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. 78 வயது அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேரும் வெளியில்தான் சாப்பாடு. மூன்று வருடம் கோவை ஊருக்குள் ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம்; பெயர் வேண்டாம். இப்போது ஏழு மாதமாகக் கோவையை ஒட்டிய இருகூரில் ஒரு வீட்டு மெஸ். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருகூர்.

சாப்பிடுவதற்கென்று இருகூருக்கு வண்டியைத் திருப்பியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. கோவை ஜங்ஷனைத் தொடாமல் கேரளம் போகிற ரயில்கள் போத்தனூர் பக்கம் பிரிவது இங்கேதான். ரயிலே ஊரைச் சுற்றிக்கொண்டு போகத் தோதான இடம் என்றால் மனிதர்களைக் கேட்பானேன். விசைத்தறிச் சத்தம், பெட்ரோல் டேங்கர் லாரி, இதுதான் இருகூர் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு துக்கம் கேட்கப் போய், அந்த வீட்டில் கை நனைக்காமல் கிளம்பியபோது மணி ஒன்று. சந்தில் ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் இருந்து வாழை இலைக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். பசியில் அவர் பின்னாலேயே உள்ளே போய்விட்டேன்.

பழைய தறி ஷெட். தறி நின்ற இடங்கள் சிமெண்ட் தரையில் இன்னும் எண்ணெய்க் கறையாகத் தெரிகின்றன. அந்தக் கறைகளின் மேல்தான் ஆறு மேஜைகள். மெஸ் நடத்தும் அக்கா சமையல், அவர் வீட்டுக்காரர் பரிமாறுகிறார், கல்லூரியில் படிக்கும் மகன் கணக்கு.

ஏசி, கார் நிறுத்த இடம், கை கழுவும் இடத்தில் வழுக்காத தரை, இதிலெல்லாம் ஊருக்குள் இருக்கும் கடைதான் மேல், பேச்சே இல்லை. விலையில் இருகூர். ஐந்து பேருக்கு அங்கே 2,900 வரை ஆனது. இங்கே 1,400 தாண்டியதில்லை. கோவை ராமநாதபுரத்தில் இருந்து திருச்சி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். பெட்ரோலைக் கழித்தாலும் லாபம்தான். ஆனால் நான் மாறியது காசுக்காக இல்லை.

பெரிய கடையில் எதுவும் தீராது. மதியம் 12 மணிக்குப் போனாலும் 4 மணிக்குப் போனாலும் அட்டையில் உள்ள அத்தனையும் வரும். முதலில் இதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். ஒருநாள் மூன்றரை மணிக்கு மட்டன் கேட்டோம். நான்கே நிமிடத்தில் வந்துவிட்டது. வெளியே ஆவி, கடித்தால் நடுவில் சில்லென்று இருந்தது. அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. கறிதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, அவருக்கு வயிறு கொஞ்சம் இளக்கம்தான். ஆனாலும் தீராத கடையில் ஏன் தீர்வதில்லை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

எண்ணெய்க்கும் இதே கதை. வறுவல் சட்டி காலையிலிருந்து ராத்திரி வரை அடுப்பிலேயே இருந்தால் எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும். துருவச் சேர்மங்கள் என்று சொல்லப்படும் கெடுதல் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கடை எப்படி நடக்கிறது என்று நான் போய் அளந்து பார்க்கவில்லை. சாப்பிடுகிற நமக்கு அது தெரிய வழியும் இல்லை.

இருகூரில் அளக்க வேண்டிய தேவையே இல்லை. பொரிப்பதற்கென்று தனிச் சட்டி கிடையாது. பள்ளிபாளையம் சிக்கன் என்றால் கடலை எண்ணெயில் விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், கடைசியில் தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். கரம் மசாலா வாசமே வராது. ஊற்றிய எண்ணெய் கறியோடு இலைக்கே வந்துவிடுகிறது, மிச்சம் வைத்து நாளைக்கு ஊற்ற எதுவும் இல்லை. கொள்ளும் அப்படித்தான். வேகவைத்து வடித்த தண்ணீர் ரசமாகிறது. வெந்த கொள்ளைப் பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரு குண்டா கொள்ளு தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே தீரும். இரண்டு மணிக்குப் போனால், "கறி தீந்துபோச்சுங்க தம்பி, அரிசிம்பருப்பு இருக்குது, நெய் ஊத்தித் தரட்டுங்களா?" என்பார் அக்கா. இந்த "தீந்துபோச்சுங்க" என்ற சொல்லுக்காகத்தான் நான் அரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறேன்.

அப்புறம் அம்மா. முதல் தடவை போனபோது அவர் கறியை ஒதுக்கி வைத்ததை அக்கா சமையல்கட்டு வாசலில் இருந்தே பார்த்துவிட்டார். "ஏனுங்க ஆத்தா, பல்லுக்குச் சேரலீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் ஈரலை நசுக்கிக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பில்லில் அது வரவில்லை. அடுத்த மாதம் நாங்கள் உட்காரும் முன்பே கிண்ணம் வந்துவிட்டது. அம்மா இப்போது முதல் ஞாயிறு எப்போது என்று காலண்டரைப் பார்க்கிறார். ஊருக்குள் இருந்த கடையில் சர்வர்கள் மரியாதையானவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடத்தில் ஒரே ஆளை நான்கு தடவை பார்த்திருப்போமா என்பதே சந்தேகம்.

சரி, இருகூரில் தொல்லையே இல்லையா? இருக்கிறது. தகர ஷெட், சித்திரை மாதம் போனபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பரோட்டா கேட்டால் கிடையாது. சின்னவன் முதல் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ராத்திரியில் கடை இல்லை. மொத்தமே ஏழு தடவைதான் போயிருக்கிறேன், ஐப்பசி மழைக்கு அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். திடீரென்று பத்துப் பேரோடு போய் நிற்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் பெரிய கடைக்கே போங்கள், அங்கேதான் இடமும் இருக்கும், சோறும் இருக்கும்.

அடுத்த மாதம் மச்சான் குடும்பமும் வருகிறது, மொத்தம் பன்னிரண்டு பேர். தயங்கித் தயங்கித்தான் போன் போட்டேன். "பன்னண்டு பேருங்களா? தலைக்கறி வேணுமின்னா சனிக்கிழமையே சொல்லிப்போடுங்க தம்பி. ஆத்தாளுக்கு ஈரல் நான் எடுத்து வெச்சர்றேன்" என்றார்.