பைத்தானின் அர்ரே மாட்யூல்: எடைமேடை டேட்டாவுக்குத் தாங்குமா?

மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேபினில் விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், நெட் கிடையாது. விண்டோஸ் 7-ல் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. நெட் இல்லாததால் பிப் (கூடுதல் மாட்யூல்களை இறக்கும் கருவி) போட்டு எதையும் இறக்கவும் வழியில்லை. இந்த மெஷினில் லட்சக்கணக்கான எண்களை வைத்துக்கொள்ள, பைத்தானோடு கூடவே வரும், ஒரே வகை எண்களை நெருக்கி அடுக்கி வைக்கும் அர்ரே மாட்யூல் போதுமா? சேமித்து வைக்கப் போதும். கணக்குப் போட இதை நம்பி இறங்க வேண்டாம்.

முதலில் மெமரி. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் நொடிக்கு 10 அளவு அனுப்புகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 8,64,000 எண்கள். சாதாரண லிஸ்ட் எண்ணையே வைத்திருப்பதில்லை, எண் இருக்கும் இடத்தின் முகவரியைத்தான் வைத்திருக்கும். முகவரிக்கு 8 பைட், எண்ணுக்குத் தனியாக 28 பைட். ஆக நாளொன்றுக்குச் சுமார் 31 எம்பி. (மேடை காலியாக இருக்கும்போது வரும் 0-க்கு அந்த 28 விழாது, -5 முதல் 256 வரையுள்ள எண்களை பைத்தான் ஒரே தடவை உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளும்.) அர்ரேயில் ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால் அதே டேட்டா 3.5 எம்பிக்குள் அடங்கிவிடும். 30 நாள் டேட்டாவைச் சேர்த்துத் திறந்தால் ஒரு பக்கம் 900 எம்பியைத் தாண்டும், இன்னொரு பக்கம் சுமார் 104 எம்பி. 4 ஜிபி மெஷினில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எந்த டைப்கோடு (எண் எந்த வகை, எத்தனை பைட் என்று சொல்லும் ஓர் எழுத்து) என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். 2 பைட் போதுமே என்று சிறிய 'எச்' எடுத்தால் அதன் உச்சம் 32,767. லோடு ஏறிய டிரெய்லர் சர்வசாதாரணமாக 40,000 கிலோ காட்டும். சி மொழியாக இருந்தால் அது சத்தமில்லாமல் -25,536 ஆகிவிடும். இங்கே ஓவர்ஃப்ளோ எரர் வந்து புரோகிராம் நிற்கும். இந்த மாட்யூலில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இந்தக் கறார்தான். சரி, பெரிய 'எச்' எடுப்போம், உச்சம் 65,535. சட்டப்படி லாரிக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை 55 டன், அதனால் பிழைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் மேடையில் சேறு கிடந்தபோது ஜீரோ செட் பண்ணி, பிறகு மழை அதைக் கழுவிக்கொண்டு போனால் இண்டிகேட்டர் -20 காட்டும். மைனஸ் பெரிய 'எச்'சில் நுழையாது, மறுபடியும் எரர். 2 பைட்டை மிச்சம் பிடிக்கப் பார்க்காமல் சிறிய 'ஐ' எடுங்கள்: 4 பைட், மைனஸும் வரும், துறைமுகத்துக்குப் போகும் ராட்சத லோடும் வரும்.

சிறிய 'எல்' பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸில் அது 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். கேபின் கம்ப்யூட்டரில் எழுதிய ஃபைலை ஆபீஸில் லினக்ஸில் திறந்தால் இரண்டிரண்டு எடைகள் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாக வரும். ஓர் எண்ணுக்கு எத்தனை பைட் என்று சொல்லும் ஐட்டம்சைஸை ஒருமுறை பிரின்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டன் கணக்கில் புள்ளி வைத்துச் சேமிக்க 'எஃப்' எடுப்பவர்களுக்கு: 24.85 என்று போட்டால் 24.850000381469727 என்று திரும்பி வரும். சமமா என்று ஒப்பிட்டால் இல்லை என்றே சொல்லும். கிலோவில் முழு எண்ணாக வைப்பதே நிம்மதி.

ஃபைலில் எழுத டுஃபைல், படிக்க ஃப்ரம்ஃபைல். இரண்டும் வேகமானவை, ஆனால் ஃபைலுக்குத் தலைப்பே கிடையாது. உள்ளே என்ன டைப், எத்தனை எண் என்ற குறிப்பு எதுவும் இருக்காது. ஃபைல் பெயரிலாவது டைப்கோடைச் சேர்த்து வையுங்கள். ஃப்ரம்ஃபைலுக்கு எண்ணிக்கையும் சொல்லியாக வேண்டும். ஃபைல் சைஸை ஐட்டம்சைஸால் வகுத்து, மீதியை விட்டுவிட்டுக் கொடுங்கள். கூடுதலாகக் கேட்டால் இஓஎஃப் எரர் வரும், இருந்தாலும் கிடைத்தவரை உள்ளே சேர்த்துவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

பெரிய ஆபத்து கரண்ட் கட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கடைசியில் 1 பைட் மட்டும் தொங்கி நிற்கிறது என்று வையுங்கள். மறுநாள் அதே ஃபைலை அப்பெண்ட் மோடில் திறந்து தொடர்ந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணும் ஒரு பைட் தள்ளிப் படிக்கப்படும். 20,000 கிலோ லாரி 51,20,000 கிலோவாகத் தெரியும். எரர் எதுவும் வராது. அப்பெண்ட் பண்ணும் முன்பு ஃபைல் சைஸ் 4-ஆல் வகுபடுகிறதா என்று பார்த்து, மிச்சத்தை ட்ரன்கேட் பண்ணி வெட்டிவிடுங்கள்.

பைட் வரிசையிலும் கவனம் வேண்டும். பிசியும் ராஸ்பெரி பையும் லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்), மீட்டர்கள் டேட்டா அனுப்பும் மாட்பஸ் முறையின் ரெஜிஸ்டர் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). 230.0 வோல்ட்டை 2300 என்று அனுப்பும் கரண்ட் மீட்டரிலிருந்து பெரிய 'எச்'சில் அப்படியே வாங்கினால் 64520 காட்டும். ஃப்ரம்பைட்ஸ் முடிந்ததும் ஒரு பைட்ஸ்வாப் போட்டால் சரியாகிவிடும்.

கணக்கு என்று வந்தால் மாட்யூல் கையை விரித்துவிடும். லோடு எடையிலிருந்து டேர் எடையை (காலி வண்டியின் எடை) கழித்து நெட் எடை (சரக்கின் எடை மட்டும்) எடுக்க இரண்டு அர்ரேக்கு நடுவே மைனஸ் போட்டால் டைப் எரர். அதாவது பரவாயில்லை. பிளஸ் போட்டால் கூட்டாது, இரண்டையும் வரிசையாக ஒட்டித் தந்துவிடும். சார்ட் மெத்தடும் இல்லை; சார்டட் லிஸ்ட்டாகத்தான் தரும், அதைத் திரும்ப அர்ரேயாக்க வேண்டும். சம் போட்டால் லிஸ்டைவிட வேகமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் வெளியே எடுக்கும்போது புதிதாக ஒரு பைத்தான் பொருளை உருவாக்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸ் மெஷினில் நம்பை (எண் கணக்குக்கான பைத்தான் லைப்ரரி) இருந்தால் அர்ரேயை ஃப்ரம்பஃபருக்குக் கொடுத்து, காப்பி எடுக்காமலே கணக்குப் போடலாம். அர்ரேயில் ஸ்லைஸ் போட்டால் (ஒரு பகுதியை மட்டும் எடுத்தால்) காப்பி ஆகும், அர்ரேயின் மெமரியை நேரடியாகக் காட்டும் மெமரிவியூவின் ஸ்லைஸ் ஆகாது. ஆனால் அந்த வியூ உயிரோடு இருக்கும்வரை மூல அர்ரேயில் அப்பெண்ட் செய்ய முடியாது, பஃபர் எரர் வரும். மெமரிவியூவை வித் பிளாக்குக்குள் திறந்து, வேலை முடிந்ததும் விட்டுவிடுங்கள்.

பழைய நோட்ஸில் இருக்கும் டுஸ்ட்ரிங், ஃப்ரம்ஸ்ட்ரிங் இரண்டும் 3.9-லேயே போய்விட்டன, டுபைட்ஸ், ஃப்ரம்பைட்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஜேசன் அர்ரேயை ஏற்காது, டுலிஸ்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். வண்டி எண், நேரம், எடை மூன்றும் சேர்ந்த ரெக்கார்டுதான் வேண்டும் என்றால் அர்ரேயோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே பைத்தானில் எஸ்க்யூஎல்லைட் (சிறிய டேட்டாபேஸ்) மாட்யூலும் இருக்கிறது, அதற்கும் நெட் தேவையில்லை.