ராபின் ஹிட்ச்காக்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

1953இல் லண்டனில் பிறந்த ராபின் ஹிட்ச்காக் 1970களில் பாடத் தொடங்கிய ராக் பாடகர், பாடலாசிரியர். இன்றுவரை நிறுத்தவில்லை. (சினிமா ஹிட்ச்காக்குக்கும் இவருக்கும் பெயர்தான் ஒன்று.) ஆல்பங்கள் இருபதுக்கும் மேலே. எதில் தொடங்கலாம் என்று கேட்டால் ரசிகர்கள் வழக்கமாக இரண்டைக் கைகாட்டுவார்கள்: தன் முதல் பெயர்பெற்ற குழுவான சாஃப்ட் பாய்ஸோடு போட்ட ‘அண்டர்வாட்டர் மூன்லைட்’ (1980), தனியாகச் செய்த ‘ஐ ஆஃபன் ட்ரீம் ஆஃப் ட்ரெயின்ஸ்’ (1984). என் ஓட்டு ரயிலுக்கு.

‘மூன்லைட்’டின் பெருமை ஊரறிந்தது. கேம்பிரிட்ஜில் உருவான குழு. பங்க் என்ற முரட்டு ராக் அலை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அறுபதுகளின் அமெரிக்கக் குழுவான பேர்ட்ஸ் பாணி கிட்டாரும் பிங்க் ஃப்ளாய்டின் முதல் பாடகர் சிட் பாரெட் பாணிக் கிறுக்கும் கலந்து வாசித்தார்கள். அன்று யாரும் சீந்தவில்லை, மறு வருஷமே குழு கலைந்தது. பிறகு ஆர்.இ.எம். போன்ற அமெரிக்கக் குழுக்கள் கொண்டாடியதில்தான் பெயர் வந்தது. ‘இன்சேன்லி ஜெலஸ்’ ஒன்று போதும்: பேஸ் கிட்டார் ஒரே துடிப்பாக ஓடிக்கொண்டேயிருக்க, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கடைசியில் பொங்கி வழியும். கிட்டார் மோகம் உள்ளவர்கள் இதிலேயே தொடங்கலாம், தப்பில்லை.

‘ட்ரெயின்ஸ்’ வேறு ஜாதி. 1982இல் வந்த ‘க்ரூவி டிகே’ ஆல்பத்தின் மெருகு ஹிட்ச்காக்குக்கே பிடிக்கவில்லை. பின்னால் அதில் சில பாடல்களை எடுத்துவிட்டு டெமோ (முன்மாதிரி) பதிவுகளைப் போட்டு ‘க்ரூவி டிகாய்’ என்று மறுபடி வெளியிடும் அளவுக்குக் கசப்பு. அந்தக் கசப்புக்குப் பிறகு வந்தது ‘ட்ரெயின்ஸ்’. டிரம்ஸ் கிடையாது. கிட்டார், பியானோ, குரல். பெரும்பாலும் எல்லாம் அவரே. ‘அன்கரெக்டட் பெர்சனாலிட்டி ட்ரெய்ட்ஸ்’ பாட்டில் வாத்தியமே இல்லை, அடுக்கடுக்கான குரல்கள் மட்டும்.

‘ட்ராம்ஸ் ஆஃப் ஓல்ட் லண்டன்’ பாட்டைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஹைகேட், வாட்டர்லூ, கிளார்க்கன்வெல் என்று நிறுத்தங்களை நடத்துநர் கூவுவதுபோல் அடுக்குகிறார். லண்டனில் கடைசி ட்ராம் ஓடியது 1952 ஜூலையில், இவர் பிறந்தது 1953 மார்ச்சில். கண்ணால் காணாத வண்டிக்காக இப்படி ஏங்குகிறார். தலைப்புப் பாட்டில் கனவு ரயில் சொர்க்கத்துக்குப் போகிறது, இல்லாவிட்டால் பேசிங்ஸ்டோக், அதுவும் இல்லாவிட்டால் ரெடிங். பேசிங்ஸ்டோக் சாதாரண ரயில் சந்திப்பு ஊர். வின்செஸ்டரில் படித்த பையன் (ஹிட்ச்காக் அங்கேதான் படித்தார்) லண்டனுக்கு ரயிலேறினால் வழியில் வருவது. இந்தக் குசும்பு பிடித்துவிட்டால் மீதி நாற்பது வருஷமும் பிடித்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை கணக்கைத் தீர்ப்பது ஒரே விஷயம்: பாட்டைத் தூக்கி நிறுத்த எத்தனை பேர் வேண்டும்? ‘மூன்லைட்’ ஊர் கூடி இழுக்கும் தேர். ‘ஐ வான்னா டிஸ்ட்ராய் யூ’வின் பல்லவி நிற்பதே கூட்டுக் குரலில்தான், தனி ஆள் பாடினால் பாதி காற்று போய்விடும். ஹிட்ச்காக்கின் கிட்டாரோடு கிம்பர்லி ரூவின் கிட்டாரும் பின்னிக்கொள்ள வேண்டும் (‘வாக்கிங் ஆன் சன்ஷைன்’ எழுதிய அதே ரூ). மாரிஸ் வின்ட்சரின் டிரம்ஸ் வேண்டும், மேத்யூ செலிக்மனின் பேஸ் வேண்டும். 2001இல் ஆல்பம் மறுவெளியீடு கண்டபோது நால்வரும் ஒன்றுகூடி மேடையேறினார்கள். 2020இல் கோவிட்டில் செலிக்மன் இறந்தார். அந்த நால்வர் கூட்டணி இனி இல்லை.

‘ட்ரெயின்ஸ்’ அப்படி எவரையும் நம்பி இல்லை. 2008இல் நியூயார்க்கில் முழு ஆல்பத்தையும் மேடையில் பாடினார், அது தனிப் பதிவாகவும் வந்தது. ஹிட்ச்காக் பெரும்பாலும் ஒற்றை கிட்டாரோடு ஊர் ஊராகப் போய், பாட்டுக்குப் பாட்டு நடுவே சம்பந்தா சம்பந்தமில்லாத கதைகளை அளந்துவிட்டுப் பாடுகிறவர். அந்த மனிதரை அப்படியே காட்டுவது இந்த ஆல்பம்தான். ஒரு விதிவிலக்கை ஒத்துக்கொள்ள வேண்டும்: ‘மூன்லைட்’டிலிருக்கும் ‘குயீன் ஆஃப் ஐஸ்’ (பனிக்கட்டி இல்லை, கண்கள்), கிட்டார் ஒன்றே இருந்தாலும் ஜம்மென்று நிற்கும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பின்னாளில் அமைத்த எஜிப்ஷியன்ஸ் குழுவோடு செய்தவற்றில் ‘எலிமென்ட் ஆஃப் லைட்’ (1986) அருமை. ‘பர்ஸ்பெக்ஸ் ஐலண்ட்’ (1991) என் காதுக்கு மெருகு கூடிப்போனது. அமெரிக்க நாட்டுப்புறப் பாணிக் கலைஞர்கள் கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இருவரோடு நாஷ்வில்லில் பதிவு செய்த ‘ஸ்பூக்ட்’ (2004) ரயிலுக்குத் தம்பி முறை. வாத்திய இசை மட்டுமே உள்ள ‘லைஃப் ஆஃப்டர் இன்ஃபினிட்டி’ (2023) பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், அது ஊறுவதற்கு நாளாகும்.

கேட்கும்போது ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ‘ட்ரெயின்ஸ்’ ‘நாக்டர்ன்’ என்ற பியானோ இசையில் தொடங்கி அதே பியானோவில் அடங்கும், வரிசை கலைந்தால் அந்தத் திறந்து மூடும் சுகம் போய்விடும். மறுவெளியீடுகளில் கூடுதல் பாடல்கள் உண்டு. முதல் தடவை மூல வரிசையின் 14 பாடல்களோடு, ‘நாக்டர்ன்’ இரண்டாம் முறை வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னிரவாக இருந்தால் நல்லது.