பெயரில்லாத மூன்று சுவிட்சும் ஒரு சக்கரமும்: பழைய பிக்கப்புடன் ஒன்பது வருடம்

நண்பர் ஒருவர் பழைய பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். இன்ஜின், மைலேஜ், எவ்வளவு லோடு தாங்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "டேஷ்போர்டில் எத்தனை சுவிட்ச் இருக்கிறது? எது எதற்கென்று விற்பவருக்குத் தெரியுமா?" சிரித்தார். ஒன்பது வருடத்துக்கு முன்பு நானும் இப்படித்தான் சிரித்தேன்.

என் வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, சரியாக முழங்கால் இருக்கும் இடத்தில், ஒரு தகரப்பட்டை. அதில் ஓட்டை போட்டு, மேலும் கீழும் தட்டுகிற மூன்று டாகிள் சுவிட்ச் மாட்டியிருந்தார்கள். எழுத்து கிடையாது, படம் கிடையாது. விற்றவரைக் கேட்டேன். "நான் வாங்கும்போதே இருந்தது, அது ஒன்றும் செய்யாது" என்றார். முதல் வாரத்தில் மூன்றையும் தட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. பழையபடியே வைத்துவிட்டு மறந்துபோனேன். சாவி போடாமல் தட்டிப் பார்த்தது என் முட்டாள்தனம். பாதி சர்க்யூட்டுக்குச் சாவி போட்டால்தான் கரன்டே வரும்.

மூன்றாம் வருடம் வண்டி நடுவழியில் நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். பெட்ரோல் மேலே வரவில்லை, டேங்குக்குள் இருக்கும் பம்ப் போய்விட்டது என்றார்கள். புதுப் பம்ப் போட்டார்கள், வண்டியும் ஓடியது. ஏழு மாதம் கழித்து அதே கதை.

இரண்டாம் தடவை ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தேன். சாவியைத் திருப்பினதும் பின்னாலிருந்து இரண்டு விநாடி 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் வரும். பம்ப் பெட்ரோலை அழுத்தி வைத்துக்கொள்கிற சத்தம் அது. அன்றைக்கு அது வரவில்லை. குனிந்து பார்த்தால், எப்போதும் கீழ்நோக்கி இருக்கும் மூன்றாவது சுவிட்ச் மேல்நோக்கி நிற்கிறது. கீழே தட்டினேன். ஊம்ம். ஒரே கிராங்கில் வண்டி கிளம்பியது.

விஷயம் இதுதான். முன்பு வைத்திருந்த யாரோ, வண்டி திருடு போகாமலிருக்க ஃபியூயல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் சுவிட்ச் வைத்திருக்கிறார். புத்திசாலிதான். ஆனால் அடுத்தவரிடம் சொல்லவில்லை. என் முழங்கால் ஏறி இறங்கும்போது அதைத் தட்டியிருக்கிறது. பட்டறையில் பம்பை மாற்றும் வேலையில் யாரோ ஏறி இறங்கும்போது அவர் முழங்கால் திரும்பத் தட்டியிருக்க வேண்டும். அதனால் புதுப் பம்ப் 'சரி செய்துவிட்டது'. பழைய பம்பைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன். பேட்டரியில் நேராக ஒரு விநாடி கொடுத்துப் பார்த்தேன். ஜம்மென்று சுற்றியது.

பட்டறைக்காரரைத் திட்டித் தீர்த்திருப்பேன். நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் யார் சொன்னார்கள்? இருந்தாலும் பம்ப் கனெக்டரில் 12 வோல்ட் வந்து சேருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் டேங்கை இறக்கியதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அந்த வார இறுதியில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டின் கீழ்ப் பலகையைத் திறந்தேன். மூன்று சுவிட்சுக்கும் போன வயர் எல்லாமே சிவப்பு! இன்சுலேஷன் டேப் உருகி, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. ஒவ்வொரு வயருக்கும் பேப்பர் டேப்பில் எண் எழுதிச் சுற்றினேன். அப்புறம் பேட்டரியை மாட்டி, டெஸ்ட் லேம்பின் (கரன்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு) கிளிப்பை பாடி போல்ட்டில் எர்த் கொடுத்து, ஊசியை ஒவ்வொரு முனையிலும் வைத்தேன். (ஏர்பேக் இருக்கும் வண்டியில் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வரும் அந்தக் கனெக்டர்கள் பக்கம் டெஸ்ட் லேம்பைக் கொண்டுபோகவே கூடாது.)

முதல் சுவிட்ச் ரேடியேட்டர் ஃபேனைக் கையால் போடுவதற்கு. வேலை செய்யாததற்குக் காரணம், நடுவில் இருந்த ஃபியூஸ் ஹோல்டர் காலியாக இருந்தது. வயரின் கனத்துக்கு ஏற்ற ஃபியூஸைப் போட்டேன், ஃபேன் இரைந்தது. அதிலிருந்து, லோடோடு மேட்டில் ஊர்ந்து ஏறும்போது டெம்பரேச்சர் முள் எழுவதற்கு முன்பே அதைத் தட்டிவிடுகிறேன். இந்த ஒரு சுவிட்சுக்காக முன்னாள் ஓனரின் பாதிப் பாவத்தை மன்னித்துவிட்டேன்.

மூன்றாவதை எடுத்துவிடவில்லை, சரியாக அமைத்தேன். பம்பின் முழு கரன்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது அதனால்தான். ஒரு ரிலே போட்டேன்; கொஞ்சம் கரன்டை வைத்துப் பெரிய கரன்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் அது. ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட முனைகள் உள்ளே இருக்கும் காயிலுக்கு. 30-இல் பேட்டரி கரன்ட் வந்து 87 வழியாகப் பம்புக்குப் போகும். இப்போது சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு வேண்டிய கொஞ்சூண்டு கரன்ட் மட்டும்தான். இடத்தையும் முழங்காலுக்கு எட்டாத மூலைக்கு மாற்றினேன். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

டாகிள் சுவிட்சுகளைவிட என்னை வெட்கப்பட வைத்தது கம்பெனியே கொடுத்த ஒரு சக்கரம். 0, 1, 2, 3 என்று எண் போட்டு, கட்டைவிரலால் உருட்டுவது. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் என்று ஆறு வருடம் நம்பினேன். உருட்டினால் வெளிச்சம் மாறாது, 'இதுவும் போச்சு' என்று விட்டுவிடுவேன். ஒருநாள் ராத்திரி சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தபோது சும்மா உருட்டினேன். முன்னால் 'ஜ்ஜ்ஜ்' என்று சின்ன மோட்டார் சத்தம். சுவரில் விழுந்திருந்த வெளிச்சம் ஒரு சாண் கீழே இறங்கியது! பின்னால் லோடு ஏறினால் வண்டியின் பின்புறம் தாழும், மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதற்காக வெளிச்சத்தைக் கீழே இறக்கும் சக்கரம் அது. லோடோடு போகும்போதெல்லாம் எதிரே வந்தவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டியது எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் வேறு அவர்களைத் திட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

இரண்டாவது சுவிட்ச்தான் இன்னும் முடியாத வழக்கு. போட்டால் வலது கால் பக்கப் பலகைக்குப் பின்னால் ஒரு ரிலே 'டிக்' என்கிறது. அங்கிருந்து ஒரு வயர் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) ஒட்டிப் பின்னால் போய், லோடு ஏற்றும் தொட்டிக்கு அடியில் வெட்டி டேப் சுற்றி நிற்கிறது. டேப்பைப் பிரித்து ஊசியை வைத்தால் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிகிறது. அதாவது இத்தனை வருடம் சேற்றிலும் மழையிலும் உயிருள்ள வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பின்பக்க வேலை விளக்கோ, ட்ரெய்லருக்கு ஏதாவதோ. ஃபியூஸை எடுத்து வைத்துவிட்டேன். ரிலேயைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. சிக்னலில் நிற்கும்போது சும்மா ஒரு டிக்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். புதிதாக ஏதாவது வாங்குங்கள், எல்லா சுவிட்சுக்கும் படம் போட்டிருக்கும், கையேடு இருக்கும், வார இறுதி உங்களுடையதாக இருக்கும். அவர் வேண்டாம் என்று முடிவு செய்தால், விற்பவரின் நம்பரை எனக்குக் கொடுக்கட்டும். நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அதில் ஐந்து சுவிட்ச் இருக்கிறதாம்.