துபாய் போலீஸ் ஆப்: ஊருக்குக் கிளம்பும் முன் பார்த்தேன்

ஷார்ஜாவில் ஒரு டிரேடிங் கம்பெனிக்கு மேனேஜர் நான். கம்பெனி செக்குகளில் என் கையெழுத்துதான் இருக்கும். போன மாதம் அதில் ஒன்று பணமில்லாமல் திரும்பிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். செக்குக்காக வழக்கு போட்டிருந்தால் இமிகிரேஷன் கவுன்டரில் நிறுத்திவிடுவார்களோ என்று இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை.

நண்பர் சொல்லித்தான் துபாய் போலீஸ் ஆப்பில் பண வழக்கு நிலை பார்க்கும் சேவையைத் திறந்தேன். கட்டணம் கிடையாது. 784 என்று தொடங்கும் எமிரேட்ஸ் ஐடி எண்ணை விரல் நடுங்க அடித்தேன். வழக்கு எதுவும் இல்லை என்று வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

ஆனால் இதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இது துபாய் வழக்குகளை மட்டுமே காட்டும். அபுதாபிக்கு அங்குள்ள நீதித்துறையின் 'எஸ்தஃப்ஸர்' சேவை தனியாக இருக்கிறது. 2022 ஜனவரி 2 முதல், பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் கிரிமினல் வழக்காவதில்லை. சரி, ஆனாலும் கடன் கொடுத்தவர் கோர்ட்டில் பயணத் தடை கேட்க முடியும். அதனால் வக்கீலை வைத்து ஷார்ஜா கோர்ட்டிலும் விசாரித்தேன். அப்புறம்தான் டிக்கெட் போட்டேன்.